தாமே எழுந்து நிற்றல்: முதுமையும் அன்றாட உடலுழைப்பும்

(விழா அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முதுமையின் முதல் அடையாளம் எது என்று கேட்டால் நரை என்பர் சிலர்; பார்வை மங்குதல் என்பர் வேறு சிலர். நரைக்குச் சாயம் உண்டு. மங்கிய கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. ஆனால், தரையில் அமர்ந்த ஒருவர் பிறர் கைகொடுக்காமல் எழ முடியாத நாள் ஒன்று வருகிறது. கழிவறைக்குச் செல்லவும், குளிக்கவும், இரவில் ஒரு குவளை நீர் எடுத்துக் குடிக்கவும் துணையை எதிர்பார்க்கும் வாழ்க்கை அந்த நாளை அடுத்தே தொடங்குகிறது. அந்த நாளைத் தள்ளிப்போட முடியுமா, வந்துவிட்டால் திருப்பி அனுப்ப முடியுமா என்பவையே இவ்வுரையின் பொருள்.

வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த 72 வயது அம்மையார் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் பெயர் எதுவாகவும் இருக்கலாம். அத்தகைய அம்மையார் பல குடும்பங்களிலும் உண்டு. விடியுமுன் வாசல் பெருக்கிக் குந்தி அமர்ந்து கோலமிடுவார். கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நாளொன்றுக்குப் பலமுறை நடப்பார். களத்தில் நெல் காயும்போது கால்களால் துழாவிவிடுவார். மாலையில் உணவை முடித்துக்கொண்டு ஆலயம் சென்று வலம் வருவார். உடற்பயிற்சி என்ற சொல் அவர் வாழ்வில் நுழைந்ததே இல்லை. கணவர் காலமானபின் மகன் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். மூன்றாம் மாடியில் வீடு. ஏறவும் இறங்கவும் லிஃப்ட் உண்டு. மருமகள் நற்குணம் உடையவர். மாமியார் தரையில் அமர முற்பட்டால், “வேண்டாம் அத்தை, நாற்காலியில் உட்காருங்கள்” என்பார். தண்ணீர் எடுக்க எழுந்தால், “நீங்கள் இருங்கள், நான் எடுத்துத் தருகிறேன்” என்பார். காய்கறி அரிவதும் மேசையருகே நாற்காலியில்தான். கீழே விழுந்த கரண்டியைக்கூட எவரேனும் குனிந்து எடுத்துக் கொடுத்துவிடுவர். அக்கம்பக்கத்தார், “இப்படியொரு மருமகள் யாருக்குக் கிடைக்கும்!” என்று வியந்தனர்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்துடன் சென்ற அம்மையார், ஆலய மண்டபத்தில் பழைய தோழியருடன் தரையில் அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எழ வேண்டிய நேரம் வந்தபோது எழ முடியவில்லை. கையை ஊன்றினார், உடல் மேலே வரவில்லை. இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்கினர். அவரைவிட நான்கு வயது மூத்த தோழி தூணை ஒரு கையால் தொட்டுக்கொண்டு தானே எழுந்து நின்றார். அன்று இரவு அம்மையார் மருமகளிடம் சொன்னது ஒன்றே: “வலி ஒன்றும் இல்லையம்மா, காலில் பலம்தான் இல்லை.”

அவர் கூறியது மருத்துவ நூல் கூறுவதே ஆகும். மனித உடலில் 30 வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்றும், 60-ஐக் கடந்தபின் அக்குறைவு விரைவுபடுகிறது என்றும் மருத்துவர் பொதுவாகக் கணக்கிடுவர். தசையின் அளவு குறைவதைக் காட்டிலும் அதன் வலிமை விரைவாகக் குறைகிறது. அதிலும் முதலில் தேய்வது, நொடியில் சுருங்கி விசை தரும் தசைநார்களே. கால் இடறும்போது மறுகாலைச் சட்டென முன்வைத்து வீழ்ச்சியைத் தடுப்பவை அவைதாம். தொடையின் முன்புறத் தசையும் பிட்டத்துத் தசையும் மெலிந்தால் எழுதல் அரிதாகும். இவற்றோடு சமநிலை உணர்வும் தளர்கிறது. கண், உட்காது, உள்ளங்கால் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளைக் கொண்டே மூளை உடலை நிமிர்த்தி நிறுத்துகிறது. நீரிழிவால் உள்ளங்கால் மரத்துப்போனவர்க்கும், கண்புரை முற்றியவர்க்கும் அச்செய்திகள் குறைபட்டே சேர்கின்றன.

“வயதானால் இவையெல்லாம் இயல்புதானே” என்று கூறுவர். இயல்பில் ஒரு பகுதி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் முதுமை செய்தது எவ்வளவு, அசையாமை செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர் உண்டு. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், நல்ல உடல்நலம் வாய்ந்த 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து, அவர்தம் இதயமும் தசைகளும் உழைக்கும் திறனை அளந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், அதே ஐவர் 50 வயதினராய் இருந்தபோது மீண்டும் அளந்தனர். முப்பது ஆண்டு முதுமையில் அவர்கள் இழந்த திறனைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கையில் இழந்த திறனே மிகுதி என்று தெரிந்தது. அதன்பின் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்தபோது, முப்பது ஆண்டுகளில் குறைந்திருந்த திறனை அவர்கள் மீட்டுக்கொண்டனர்.

முதியோரிடம் இழப்பு இன்னும் கடுமையானது. சராசரி 67 வயதுடைய, நோயற்ற 12 பேரைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாட்களில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. காய்ச்சல் என்று பத்து நாள் படுத்த பாட்டனார், காய்ச்சல் நீங்கியபின்னும் எழுந்து நடக்க இயலாமற் போவதன் காரணம் இதிலிருந்து விளங்கும். நோய்க்கு ஓய்வு வேண்டும். ஆனால் மருத்துவர் இசைந்தவுடனே கட்டில் விளிம்பில் அமர்வதும், நிற்பதும், நான்கு அடி வைப்பதும் தொடங்கியாக வேண்டும்.

அன்றாட வேலையிலேயே உடல்நலம் அடங்கியிருக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் ஜெர்ரி மாரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர். இலண்டன் மாநகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பார். இருவரும் ஒரே நிறுவனத்தார், ஒரே நகரத்தார். ஆயினும் நடத்துநரிடையே இதயநோய் குறைவாக இருந்ததை மாரிஸ் 1953-இல் வெளியிட்டார். நடந்து மடல் கொடுக்கும் அஞ்சல்காரரையும், அமர்ந்து எழுதும் எழுத்தரையும் ஒப்பிட்டபோதும் அவ்வாறே கண்டார். மாரிஸ் 1910-இல் பிறந்து 2009-இல், தம் 99-ஆம் வயதில் மறைந்தார்.

அடுத்த கேள்வி முக்கியமானது. ஒருமுறை போன வலிமை முதுமையில் திரும்புமா? 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேர்க்கு, கால்களால் பளு உயர்த்தும் பயிற்சியை எட்டு வாரம் அளித்தனர். அவர்கள் பல நோய்களை உடையவர்கள், தளர்ந்தவர்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் அதுவரை ஊன்றி நடந்த கைத்தடியை விட்டுவிட்டனர். பயிற்சியை நிறுத்தினால் பெற்ற வலிமை மீண்டும் குறைந்துவிடும் என்பதையும் உடன் கூறவேண்டும். நேற்று உண்ட உணவு இன்றைய பசிக்கு ஆகாதது போன்றதே இதுவும்.

பெரிய அளவிலும் இது சோதிக்கப்பட்டது. 70 முதல் 89 வயது வரையுள்ள 1635 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நடை, தசைவலிமை, சமநிலை ஆகிய பயிற்சிகளையும் மற்றப் பிரிவினர்க்கு நலவாழ்வுச் சொற்பொழிவுகளையும் அளித்து, சராசரியாக 2.6 ஆண்டுகள் கண்காணித்தனர். அதன் முடிவு 2014-இல் வெளிவந்தது. 400 மீட்டர் தூரம் தாமே நடக்க இயலாத நிலையை அடைந்தோர் சொற்பொழிவுப் பிரிவில் 35.5 விழுக்காடு, பயிற்சிப் பிரிவில் 30.1 விழுக்காடு. பயிற்சி செய்தோர் எல்லாரும் தப்பினர் என்று இவ்வாய்வு கூறவில்லை. ஆனால் நூற்றுக்கு ஐவர் பிறர் தோளைப் பற்றாமல் தம் தெருவில் தாமே நடந்தனர் என்பது சிறிய செய்தி அன்று. சொற்பொழிவைக் கேட்பதனால் மட்டும் கால் வலுவடையாது என்பதையும், சொற்பொழிவு நிகழும் இவ்வரங்கிலேயே நினைவிற்கொள்வது நன்று.

இனி, செய்ய வேண்டுவன யாவை? உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, 65 வயது கடந்தோர்க்கு மூன்றைக் கூறுகிறது. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சி. வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி. இவ்வளவும் செய்ய இயலாதவர் தம் உடல் இடங்கொடுக்கும் அளவு செய்யலாம்; சிறிதளவும் பயனுடையதே என்றும் அந்நெறிமுறை கூறுகிறது. மிதமான உழைப்பை அறிய எளிய வழி உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும்; பாட முடியக்கூடாது.

பெரும்பாலோர் நடைப்பயிற்சியோடு நின்றுவிடுகின்றனர். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் அதனால் மட்டும் எழுந்து நிற்கும் வலிமை வந்துவிடாது. நாள்தோறும் ஒருமணி நேரம் நடப்பவரும் தாழ்வான இருக்கையிலிருந்து எழக் கைப்பிடியைத் தேடுவதைக் காணலாம். ஆகவே வலிமைக்கும் சமநிலைக்கும் தனிப் பயிற்சி வேண்டும். அதற்குக் கருவியும் கட்டணமும் வேண்டா. வீட்டில் உள்ளவையே போதும்.

முதலாவது, நாற்காலியிலிருந்து எழுதல். உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடவேண்டும். வழுக்கி நகரும் பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வைத்து, உடலை முன்னோக்கிச் சாய்த்து எழவேண்டும். அமரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல அமரவேண்டும். எழுவதைப் போலவே மெல்ல அமர்வதும் தசைக்குப் பயிற்சிதான். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து முறைக்கு உயரலாம். இயலாதவர் இருக்கையின் மேல் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வலிமை வர வர மடிப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதுவே அளவுகோலாகவும் பயன்படும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்று எண்ணவேண்டும். 70 முதல் 74 வயது வரையுள்ள பெண்கள் 10 முறைக்கும், ஆண்கள் 12 முறைக்கும் குறைவாகவே எழ முடிந்தால், விழும் வாய்ப்பு உண்டு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கொள்கிறது.

இரண்டாவது, குதிகால் உயர்த்தல். சமையல் மேடையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கவேண்டும். பால் காய்வதற்காகக் காத்திருக்கும் நேரம் இதற்குப் போதும்.

மூன்றாவது, சமநிலை. மேடையருகே நின்று, முதலில் இரு பாதங்களையும் சேர்த்துப் பத்து நொடி நிற்கவேண்டும். அது எளிதானபின் ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே வைத்து நிற்கவேண்டும். அதன்பின் ஒரு பாதத்தின் குதிகால் மறுபாதத்தின் விரலைத் தொட, ஒரே கோட்டில் நிற்கவேண்டும். இறுதியாக ஒற்றைக் காலில் நிற்கலாம். ஒவ்வொரு நிலையிலும் கை மேடைக்கு அருகிலேயே இருக்கவேண்டும். நியூசிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் வகுத்த இத்தகைய வீட்டுப் பயிற்சி, முதியோர் கீழே விழுவதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

நான்காவது, படியேறுதல். முதலில் ஒரு மாடி மட்டும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறலாம். இறங்குவது முழங்காலுக்குக் கடினமாகையால், தொடக்கத்தில் லிஃப்டில் இறங்குவதில் இழுக்கில்லை.

ஐந்தாவது, தரையிலிருந்து எழுதல். மேற்கூறிய நான்கும் சில வாரம் பழகியபின், ஒருவர் அருகில் இருக்க, பாய் விரித்துப் பழகவேண்டும். அமர்ந்த நிலையிலிருந்து ஒருபுறம் திரும்பி, இரு கைகளையும் இரு முழங்கால்களையும் ஊன்றவேண்டும். தவழ்ந்து கட்டிலையோ உறுதியான முக்காலியையோ அடைந்து, அதன்மேல் கைகளை வைக்கவேண்டும். வலிமையான காலின் பாதத்தை முன்வைத்து, கையையும் காலையும் ஒருசேர ஊன்றி எழவேண்டும். எழுந்ததும் நடக்கத் தொடங்காமல் சற்று நின்று நிதானிக்கவேண்டும். வீட்டில் தனியே விழுந்து, எலும்பு முறியாதபோதும் எழத் தெரியாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடந்த முதியோர் உண்டு. எழும் முறையை அறிந்திருப்பது அவர்களுக்கு உயிர்காப்பாகும்.

இடுப்பு அல்லது முழங்கால் அறுவை செய்துகொண்டவர், அண்மையில் எலும்பு முறிந்தவர், இதயநோயும் மயக்கமும் உடையவர் ஆகியோர் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கேட்டபின்னரே இவற்றைத் தொடங்கவேண்டும். மார்பில் அழுத்தம், மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் உடனே நிறுத்தவேண்டும். மூட்டுத்தேய்வு உடையோர், “நடந்தால் இன்னும் தேயும்” என்று அஞ்சுவர். அளவான பயிற்சி மூட்டைத் தேய்ப்பதில்லை. தொடைத்தசை வலுவடைந்தால் மூட்டு தாங்கும் சுமை குறைந்து வலியும் தணியும். குந்தி அமர்வதை மட்டும் அவர்கள் தவிர்க்கலாம்.

நடையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்னும் கணக்கைக் கேட்டு மலைத்து, நடையையே கைவிட்டோர் உளர். அக்கணக்கு மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1965-ஐ ஒட்டி ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடி எண்ணும் கருவிக்கு “பத்தாயிரம் அடி அளவி” என்று பொருள்படும் பெயரை வைத்தது; அது உலகெங்கும் பரவிவிட்டது. சராசரி 72 வயதுடைய அமெரிக்கப் பெண்கள் 16,741 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த கட்டுரையில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவரைவிட 4,400 அடி நடந்தவரிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்குமேல் நடந்ததனால் கூடுதல் நன்மை காணப்படவில்லை. ஆகவே, இன்று நடப்பதைவிட நாளை சிறிது கூட நடப்பதே போதுமான தொடக்கம்.

உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பது, உண்டபின் உயரும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதும் முதியோரிடம் கண்டறியப்பட்டுள்ளது. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுடைய சமணக் குடும்பங்களுக்கு இது எளிது. உணவு முடிந்தபின்னும் வெளிச்சம் எஞ்சியிருக்கும். உறங்கவும் நேரம் இருக்கும். அந்த நேரத்தைத் தொலைக்காட்சி முன் கழிக்காமல், ஆலயம் வரை நடந்து திரும்புவது இரட்டைப் பயன் தரும்.

தசைக்கு உழைப்பைப் போலவே உணவும் வேண்டும். வயதானவர் பலர், “இரண்டு இட்டிலி போதும், மோர்ச்சோறு போதும்” என்று புரதத்தைக் குறைத்துவிடுகின்றனர். புலால் நீக்கியவர்க்குப் பருப்பும் பயறும் கொண்டைக்கடலையும் பாலும் தயிரும் நிலக்கடலையும் புரதம் தருவன. ஒருவேளை மட்டும் உண்ணாமல் ஒவ்வொரு வேளையும் இவற்றுள் ஒன்று சேர்ந்திருத்தல் நலம். சிறுநீரக நோயுடையவர் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைக் கடைப்பிடிக்கவேண்டும். நோன்பு நாட்களில் கடும்பயிற்சி ஆகாது. மெல்லிய நடை போதும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்வோர், நோன்பு நாளில் மருந்தை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறியவேண்டும்.

வீழ்ச்சிக்கு வீடும் காரணமாகிறது. குளியலறையில் ஈரம், கழிவறையில் பிடிமானம் இன்மை, தரையில் சுருண்ட மிதியடி, இரவில் விளக்கின்மை, தரையைத் தொடும் வேட்டி நுனி, பின்பட்டை இல்லாத செருப்பு ஆகியவை எலும்பு முறிவில் கொண்டுபோய் விடுகின்றன. கழிவறைச் சுவரில் ஓர் இரும்புக் கைப்பிடியும், நடைவழியில் ஓர் இரவு விளக்கும் பொருத்தும் செலவு, இடுப்பெலும்பு அறுவைக்காகும் செலவோடு ஒப்பிடத் தக்கதன்று.

இவை அனைத்தும் ஓரளவு யாவரும் அறிந்தவையே. அறிந்தும் நடைமுறைக்கு வாராமைக்குக் காரணம் வேறொன்று. அது அன்பு, அன்போடு சேர்ந்த ஊர்ப்பேச்சு பற்றிய அச்சம்.

முன்னர்க் கூறிய அம்மையாரின் இல்லத்துக்கே திரும்பலாம். திருவிழா முடிந்து சென்னை திரும்பியதும் மருமகள் அவரை இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். 30 நொடியில் கையூன்றாமல் நான்கு முறைதான் எழ முடிந்தது. மருத்துவர் பயிற்சிகளைக் கற்பித்தபின் மருமகளிடம், “இவர்களுக்கு நீங்கள் எடுத்துக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார். மருமகளுக்கு அது பெரும் சங்கடமாயிற்று. ஒருநாள் மாமியார் படியில் மெல்ல ஏறிவர, மருமகள் பையைச் சுமந்து பின்னால் வந்தார். எதிர்வீட்டு அம்மையார் அதைக் கண்டு, “லிஃப்ட் இருக்க, வயதானவர்களை இப்படிப் படியேற்றலாமா?” என்றார். அன்று மாலை மருமகள் கண் கலங்கினார். மகனும், “எதற்கு இந்த வம்பு? அம்மா உட்கார்ந்தே இருக்கட்டும்” என்றார். அப்போது மாமியார் கூறினார்: “அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் விழுந்தால் என்னைத் தூக்கப்போவது இவள்தான். இவளுக்காகவாவது நான் ஏறுவேன்.”

அந்தச் சொல்லில்தான் முழு உண்மையும் இருக்கிறது. முதியவர் எழுந்து நடமாடுவது அவருக்கு மட்டும் நன்மை அன்று. அவரைத் தாங்கவிருக்கும் கைகளுக்கும் அதுவே நன்மை. பெற்றோர் கையிலிருந்து எல்லா வேலையையும் வாங்கிவிடுவது பணிவிடை போலத் தோன்றும். உண்மையில் அது அவர்தம் கால்வலிமையையும், “இந்த வீட்டுக்கு நானும் வேண்டும்” என்னும் எண்ணத்தையும் சேர்த்தே வாங்கிவிடுகிறது. முடியாத வேலையை முதியோர்மேல் சுமத்துவது கொடுமை. முடிந்த வேலையைப் பறிப்பதும் நன்மை அன்று. துணி மடித்தல், செடிக்கு நீர் விடுதல், பேரனைப் பள்ளி வாகனம் வரை அழைத்துச் செல்லுதல், கடையில் கறிவேப்பிலை வாங்கி வருதல் போன்றவற்றை அவர்களுக்கே விட்டுவிடலாம். அவர்கள் மெதுவாகச் செய்வார்கள். பொறுத்துக்கொள்வதே இளையோர் செய்யும் பணிவிடை.

முதியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. “மகனைப் பெற்றேன், மருமகள் வந்தாள், இனி நான் ஏன் எழவேண்டும்?” என்று எண்ணுவோர் ஆண்களில் மிகுதி. தண்ணீர்ச் சொம்பும் செய்தித்தாளும் இருந்த இடத்துக்கே வரவேண்டும் என்னும் வழக்கம், பெருமையைத் தருகிறதோ இல்லையோ, காலின் வலிமையைத் தருவதில்லை.

இறுதியாக, அறிவுடைய பெரியோர் சிலர் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. “உடல் நிலையற்றது என்று முன்னோர் கூறியிருக்க, அதைப் பேணுவதில் இத்தனை முயற்சி ஏன்?” என்பர். சமண முனிவர்தம் பாடல்களின் தொகுப்பாகப் போற்றப்படும் நாலடியாரின் அதிகார முறையே இதற்கு விடை தரும். செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என மூன்று அதிகாரங்கள் முதலில் நிற்கின்றன. அவற்றை அடுத்து வருவது அறன் வலியுறுத்தல். உடல் நில்லாது என்பதனால் அதை வீணே விட்டுவிடுக என்பது அம்முறையின் கருத்தன்று. நிற்கும் காலத்திலேயே அதைக்கொண்டு அறம் செய்க என்பதே கருத்து. ஆலயம் செல்லவும், வந்தவர்க்கு உணவு பரிமாறவும், நோயுற்றவரைச் சென்று காணவும் கால் வேண்டும். அந்தக் கால்களை உரிய காலம் வரை உழைக்கும் நிலையில் வைத்திருப்பது உடற்பற்று ஆகாது.

அம்மையார் மறு ஆண்டும் திருவிழாவுக்குச் சென்றார். 30 நொடியில் அவர் எழும் எண்ணிக்கை அதற்குள் 11 ஆகியிருந்தது. மண்டபத்தில் தோழியருடன் தரையில் அமர்ந்தார். எழும் நேரம் வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் பழக்கத்தால் கைநீட்டினர். மருமகள் மட்டும் அருகில் நின்றாரே தவிரக் கை கொடுக்கவில்லை. அம்மையார் ஒருபுறம் திரும்பி, கைகளை ஊன்றி, தூணின் அடிப்பீடத்தைப் பற்றி, ஒரு காலை முன்வைத்து எழுந்து நின்றார். சிறிது நேரம் பிடித்தது, மூச்சு வாங்கியது. ஆனால் தாமே எழுந்தார்; பின் தோழியருடன் ஆலயத்தை வலம் வரச் சென்றார்.

இன்று இவ்வரங்கிலிருந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும், இரவு உறங்குமுன் ஒரே ஒருமுறை, கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பார்க்கவேண்டும். எழ முடிந்தால் நாளையும் அதைத் தொடரலாம். முடியாவிடில் நாளையே பயிற்சியைத் தொடங்கலாம். 90 வயதிலும் வலிமை திரும்பும் என்பதால், 60-லும் 70-லும் காலம் கடந்துவிட்டது என்று எவரும் கலங்க வேண்டா.